பொறியியல் மாணவிக்கும் ஒரு வார்ட் வேண்டும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டு கண்ட ஒரு சங்கத்தின் மேடையில் பேசக் கிடைத்தது என் பேறு. இந்த மண்டபத்தில் நான் கடைசியாகப் பேசியது பதினோராம் வகுப்பில், தமிழ்த்தினப் போட்டிக்காக. அன்று தந்தது ஐந்து நிமிடம். மணி அடித்து இறக்கிவிட்டார்கள். இன்று செயலாளரின் கையில் மணி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறேன்.

செயலாளர் என்னிடம் கேட்டது சுகநலம் பற்றிய ஒரு பேச்சு. நீரிழிவு, இரத்த அழுத்தம், நாற்பது வயதுக்குப் பிறகு செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள், இவை பற்றிப் பேச எம்மிடையே என்னிலும் தகுதியான வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால் வேறொரு பொருளுக்கு அனுமதி கேட்டேன். பல்கலைக்கழகங்களில் பொறியியல் மாணவர்கள் தாங்களே நடத்தும் வடிவமைப்பு அணிகள் பற்றியும், எங்கள் பிள்ளைகள் ஏன் அவற்றில் சேரவேண்டும் என்பது பற்றியும் பேசப்போகிறேன். பிள்ளைகள் அதை டிசைன் ரீம் என்பார்கள்.

"டொக்டருக்கு இதில் என்ன வேலை?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்கிறேன்.

நான் இங்கிலாந்தில் மயக்கமருந்து வைத்தியராக வேலை செய்கிறேன். என் அக்காவும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். அவவின் மகள், என் பெறாமகள், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தா. "இவள் படிக்கப் போனவளோ, கராஜ் வேலைக்குப் போனவளோ தெரியேல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் கார் கழுவுற சத்தம் கேக்குது. நீ ஒருக்கா எடுத்துச் சொல்லு" என்றா. நான் எடுத்துச் சொல்லத்தான் அவளை அழைத்தேன். அவளோ, "சித்தி, பிறேக் என்ர பொறுப்பு. பிறகு எடுக்கிறன், கை முழுக்க ஊத்தை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"பிறேக் என்ர பொறுப்பு" என்ற அந்தச் சொல் எனக்குள் நின்றுவிட்டது. இருபது வயதுப் பிள்ளை ஒன்று, இன்னொரு பிள்ளை ஏறி ஓட்டப்போகும் வாகனத்தின் பிறேக்குக்குப் பொறுப்பு. அதே வயதில் எனக்கும் அப்படியொரு பொறுப்பு வந்தது. அது வந்த இடம் வார்ட்.

மருத்துவ பீடத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு ஆண்டும் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் புத்தகத்தில் படிக்கிறோம். புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிறகு யாழ் போதனா வைத்தியசாலையின் வார்ட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கே படுத்திருக்கும் அம்மா எங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து நோய்ப்படவில்லை. நெஞ்சுநோ என்பார், உண்மையில் நோவு வயிற்றில் இருக்கும். மூன்று வருத்தம் ஒன்றாக இருக்கும். தருகிற தகவலில் பாதிதான் பயன்படும், எந்தப் பாதி என்று நாமே கண்டுபிடிக்கவேண்டும். பேராசிரியர் வந்து கேட்கும்போது எழுந்து நின்று, "நான் இப்படி நினைக்கிறேன், இன்ன காரணத்தால்" என்று சொல்லவேண்டும். எங்களை வைத்தியர் ஆக்கியது அந்த வார்ட்.

பொறியியல் மாணவருக்கு அப்படி ஒரு வார்ட் பாடத்திட்டத்தில் அநேகமாக இல்லை. கணக்கில் வேண்டிய தரவு எல்லாம் தரப்பட்டிருக்கும், விடை ஒன்றுதான் இருக்கும், பிழைத்தால் போவது ஐந்து புள்ளி. ஆய்வுகூடத்தில் செய்யும் பரிசோதனையை முன்னைய ஆண்டுப் பிள்ளைகளும் செய்திருப்பார்கள். தொழிற்சாலைப் பயிற்சி உண்டு, இறுதியாண்டுச் செயற்றிட்டம் உண்டு. ஆனால் முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளை, உண்மையான ஒரு பொருளைத் தன் கையால் செய்து, அது ஓடுமா ஓடாதா என்று அந்நியர் முன்னால் நின்று பார்க்கும் இடம் எது? அதுதான் மாணவர் அணி. பொறியியல் மாணவியின் வார்ட் அது. இன்று நான் சொல்லவந்தது இந்த ஒன்றுதான்.

அந்த அணிகளில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பெறாமகள் சேர்ந்த அணி, ஃபோர்மியுலா ஸ்ரூடன்ற் என்ற போட்டிக்கான அணி. அமெரிக்காவில் 1981 இல் தொடங்கிய போட்டியின் வழிவந்தது. இங்கிலாந்தில் 1998 முதல் நடக்கிறது. ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் சிறிய பந்தயக் காரை மாணவர்களே வடிவமைத்து, செய்து, சில்வர்ஸ்ரோன் பந்தயத் திடலுக்குக் கொண்டுவரவேண்டும். கடையில் கார் வாங்கிப் பெயின்ற் பூசிக் கொண்டுவர முடியாது.

இதை மோட்டார் பந்தயம் என்று எண்ணியிருந்த எனக்கு வியப்பாக இருந்தது புள்ளித் திட்டம். மொத்தம் 1000 புள்ளி. அதில் 325 புள்ளியை வாகனம் ஓர் அங்குலம் நகராமலே தருகிறார்கள். வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வியாபாரத் திட்டத்துக்கு 75. வடிவமைப்புக்கான கேள்விகளைக் கேட்பவர்கள் தொழிலில் பல்லாண்டு அனுபவமுள்ள பொறியியலாளர்கள். "இந்தக் குழாயை ஏன் இந்தத் தடிப்பில் போட்டாய்?" என்று கேட்பார்கள். "போன வருஷ அணி அப்படித்தான் போட்டது" என்று சொன்னால் புள்ளி இல்லை. "இவ்வளவு சுமை வரும் என்று கணக்கிட்டேன், இப்படிச் சோதித்துப் பார்த்தேன், இது விளைவு" என்று சொல்லவேண்டும். எனக்கு என் பேராசிரியரின் வார்ட் சுற்று நினைவுக்கு வந்தது.

அதற்கும் முன்னால் பாதுகாப்புப் பரிசோதனை. ஓட்டுநர் பட்டியெல்லாம் பூட்டி அமர்ந்த நிலையிலிருந்து ஐந்து விநாடிக்குள் வெளியே வந்து காட்டவேண்டும். வாகனத்தை ஒரு மேடையில் ஏற்றி 60 பாகை சரிப்பார்கள். கவிழவும் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவும் கூடாது. பிறகு வேகமாக ஓடவிட்டு பிறேக் போடச் சொல்வார்கள். நான்கு சில்லும் ஒன்றாக இறுகி நிற்கவேண்டும். மூன்று நின்று ஒன்று உருண்டால் ஓட அனுமதி இல்லை. ஆண்டு முழுக்கப் பாடுபட்டுச் செய்த காரை ஓட்டாமலே கட்டி ஏற்றிக்கொண்டு போகும் அணிகளும் உண்டு.

பெறாமகளின் கார் முதல் முறை பிறேக் சோதனையில் நிற்கவில்லை. பின்பக்கச் சில்லு ஒன்று உருண்டுவிட்டது. கணக்கு சரி, உதிரிப்பாகமும் சரி. குழாய்க்குள் எங்கோ காற்று. எங்கள் ஊர்க் கராஜில் "எயார் எடுக்கிறது" என்பார்களே, அதேதான். திரும்பத் திரும்ப எயார் எடுத்து, குழாய் வளைந்து போகும் பாதையில் மேடான ஓர் இடத்தில் குமிழி தங்குவதைக் கண்டுபிடித்து, அந்த வளைவை மாற்றிக் கட்டி, மறுபடி வரிசையில் நின்று இரண்டாம் முறை தேறினார்கள். எந்த விரிவுரைக் குறிப்பிலும் "குழாயின் மேட்டில் காற்று தங்கும்" என்று தனியாக எழுதியிருக்காது. ஆனால் அந்தப் பிள்ளை தன் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

ஆகக் கூடிய புள்ளி தருவது நீண்டதூர ஓட்டம், ஏறத்தாழ 22 கிலோமீற்றர். எங்கள் கண்ணுக்கு அது பெரிய தூரமல்ல. ஆனால் பாதி வழியில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, ஓட்டுநரை மாற்றி, மறுபடி இயக்கவேண்டும். சூடேறிய பெற்றோல் இயந்திரம் அந்த நேரத்தில் கிளம்பாமல் அடம்பிடிப்பது வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் பல கார்கள் இந்த ஓட்டத்தை முடிப்பதில்லை. முடிக்காத அணிகளைச் சுற்றி நின்றவர்களை நான் பார்த்தேன். ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டு நிற்கவில்லை. மடிகணினியைத் திறந்து, எந்த நிமிடத்தில் எந்த அளவு ஏறியது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியை இழந்த பிறகு நாங்கள் கூடியிருந்து என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தை நாங்கள் முப்பது வயதில் கற்கிறோம். இவர்கள் இருபதில் கற்கிறார்கள்.

கார் மட்டுந்தான் என்று நினைக்கவேண்டாம். சூரிய ஒளியில் ஓடும் கார், ரொக்கெற், ரோபோ, சிறிய செய்மதி, கொங்கிறீற்றால் செய்து தண்ணீரில் மிதக்கவிடும் தோணி என்று பலவகை அணிகள் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் குடிசார் பொறியியல் பிள்ளைகள் அந்தக் கொங்கிறீற் தோணியில் தாங்களே ஏறித் துடுப்புப் போடுகிறார்கள்.

சூரியக் கார் அணிகளிலிருந்து ஒரு பாடம் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் 1987 முதல் டார்வினிலிருந்து அடிலெய்ட் வரை, ஏறக்குறைய 3000 கிலோமீற்றர், சூரிய ஒளியால் ஓடும் வாகனங்களின் போட்டி நடக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2001 இல் முதன்முறை வந்து வென்றார்கள். 2003, 2005, 2007 ஆகிய போட்டிகளிலும் அவர்களே வென்றார்கள். இதில் வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு காரையும் செய்தவர்கள் பெரும்பாலும் புதிய மாணவர்கள். படிப்பை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்து வந்து செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆள் மாற மாற வெற்றி மாறாமல் இருந்ததற்கு நல்ல கையளிப்பு இல்லாமல் முடியாது. போகிறவர் வருகிறவருக்கு எதை எழுதி வைத்தார், எதைச் சொல்லிக் கொடுத்தார் என்பதில் இருக்கிறது அது.

சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஒரு நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும்போது நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி அந்த உயிருக்கு ஆபத்து. அணியிலும் அப்படித்தான். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை வெளியேறும்போது பிறேக் பற்றி எழுதி வைத்த நான்கு பக்கம், அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளையின் உயிர்க்காப்பு. எழுதுவது பொறியியலாளருக்கு வேண்டாத வேலை என்று நினைக்கும் பிள்ளைகளின் எண்ணம் இங்கேதான் மாறுகிறது.

அதே டெல்ஃப்ற் அணி 2019 இல் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, கடைசி நாளில், முடிவிடத்துக்குச் சில நூறு கிலோமீற்றர் இருக்கையில் கார் தீப்பிடித்து எரிந்தது. ஓட்டுநர் காயமின்றி வெளியேறினார். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக அணி முதன்முறையாக வென்றது. இரண்டு ஆண்டு உழைப்பு சாம்பலானது பெரும் துயரந்தான். ஆனால் ஓட்டுநர் உயிரோடு இறங்கினார். ஐந்து விநாடிக்குள் இறங்கிக் காட்டு என்று ஏன் பரிசோதிக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

இனி என் தொழிலுக்கு நெருங்கிய ஓர் உதாரணம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் நுரையீரல் மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து கொடுத்தால் அது விரிந்து நிற்கும். குழாயின் மறுமுனையைத் தண்ணீருக்குள் வைத்து, எவ்வளவு ஆழத்தில் வைக்கிறோம் என்பதைக் கொண்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம். குமிழி வந்துகொண்டே இருக்கும். தத்துவம் இவ்வளவு எளிது. ஆனால் அதற்கான இயந்திரம் அப்போது ஏறத்தாழ 6000 டொலராக இருந்தது. அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்து இளமாணிப் பிள்ளைகள் 2010 அளவில், மீன்தொட்டிக்குக் காற்றுக் கொடுக்கும் சிறிய பம்பிகளைக் கொண்டு ஏறத்தாழ 160 டொலர் பெறுமதியான பாகங்களால் அப்படியொரு கருவியைச் செய்தார்கள். அது ஆபிரிக்காவின் மலாவி நாட்டில், பிளன்ரயர் நகரின் குயின் எலிசபெத் மத்திய வைத்தியசாலையில் பயன்பாட்டுக்குப் போனது. 2014 இல் வெளியான ஆய்வில், மூச்சுத்திணறலோடு இருந்த பச்சிளங் குழந்தைகளில், ஒக்சிசன் மட்டும் பெற்றவர்களில் 44 வீதமும் இந்தக் கருவியில் இருந்தவர்களில் 71 வீதமும் பிழைத்து வீடு போனார்கள். சிறிய ஆய்வுதான், நூறு குழந்தைகள்கூட இல்லை. ஆனாலும் வார்ட்டில் நிற்கும் எங்களுக்கு அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பது எத்தனை தாய்மார் என்று தெரியும்.

சரியாகச் சொன்னால், இது மாணவர் தாமாக நடத்திய கழகம் அல்ல. வடிவமைப்புப் பாடத்தின் அணியில் தொடங்கி, பிறகு ஆசிரியர்களும் வைத்தியர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்தது. ஆனால் மூலம் ஒன்றுதான். உண்மையான தேவை, சிறு குழு, கையால் செய்த பொருள், அதைப் பயன்படுத்தப்போகும் மனிதர்.

எங்கள் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஷார்க் என்ற அணி பந்தயக் கார் செய்து இங்கிலாந்துப் போட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறது. இலங்கையின் முதற் செய்மதி ராவணா 1, பக்கத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் கொண்ட, ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ள பெட்டி. ஜப்பானின் கியூஷூ தொழினுட்ப நிறுவகத்தில், நேபாள, ஜப்பானிய மாணவர்களோடு ஒரே திட்டத்தில் இருந்து, இலங்கையிலிருந்து படிக்கச் சென்ற இருவர் செய்தது. 2019 ஏப்ரலில் ஏவப்பட்டு, யூன் மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அந்த இருவரில் ஒருவர் பெண்.

பெண் என்று சொன்னதால் ஒன்றைத் திறந்து பேசுகிறேன். இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம். அவர் பொறியியல் பட்டம் பெற்றது 1960களில். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அணிகளில் பிள்ளைகள் சேரும்போது ஒரு சங்கதி நடக்கிறது. பெடியன்களிடம் ஸ்பனர் போகும். எங்கள் பிள்ளைகளிடம் அனுசரணைக் கடிதம் எழுதுவது, படம் எடுத்துப் போடுவது, ரீ சேர்ட்டுக்கு நிறம் தெரிவது, கணக்கு வைத்திருப்பது என்று வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. "இவவுக்குக் கையெழுத்து வடிவு" என்றுதான் தொடங்கும். அந்த வேலைகளும் தேவையானவையே, 75 புள்ளி அதற்கும் உண்டு. ஆனால் அதோடு மட்டும் நின்றுவிட்ட பிள்ளை, வார்ட்டுக்குப் போய் அனுமதிப் புத்தகம் மட்டும் எழுதிவிட்டு வந்த மருத்துவ மாணவி போல.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்கு ஒரு செய்தி. சுவிற்சர்லாந்தின் சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தினதும் லூசேர்ன் உயர்கல்வி நிறுவனத்தினதும் மாணவர்கள் செய்த மின்கார் ஒன்று 2023 செப்ரெம்பரில் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 0.956 விநாடியில் எட்டி உலக சாதனை படைத்தது. ஓடிய தூரம் 12.3 மீற்றர். இந்த மண்டபத்தின் நீளத்துக்குள் முடிந்துவிடும். காரின் நிறை ஏறத்தாழ 140 கிலோ. தூசு உறிஞ்சும் இயந்திரம் போல ஒன்றைக் கீழே பூட்டி, காரை நிலத்தோடு ஒட்டிப் பிடிக்கச் செய்திருந்தார்கள். பற்றரி, சட்டகம், மின்சுற்றுப் பலகை எல்லாம் மாணவர் செய்தவை. அன்று அதற்குள் இருந்து ஓட்டியவர் கேற் மகெற்றி என்ற பெண்.

முன்வரிசைப் பிள்ளைகளே, இனி உங்களோடு. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். பேராதனை, மொறட்டுவை, றுகுணு, ஒலுவில், கிளிநொச்சி அறிவியல் நகர், எங்கே போனாலும், வெளிநாட்டுக்குப் போனாலும், முதலாம் ஆண்டிலேயே ஓர் அணியைத் தேடிச் சேருங்கள். அங்கே அணி இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து சிறிதாகத் தொடங்குங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று தயங்கவேண்டாம். எல்லோரும் தெரியாமல்தான் வருகிறார்கள். சேரமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டறையில் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார்? போன ஆண்டு அணி என்ன எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு என்ன வேலை தருவீர்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அது நல்ல அணி. சேர்ந்த பிறகு, பெயர் சொல்லக்கூடிய ஒரு பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சின்னதாக இருக்கட்டும். ஒரு மிதி, ஒரு மின்சுற்று, ஒரு குழாய். "இது என் பொறுப்பு" என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும். குறைந்தது இரண்டு ஆண்டு நில்லுங்கள். முதலாம் ஆண்டு கற்பதற்கு, இரண்டாம் ஆண்டு கற்பிப்பதற்கு.

விலை இல்லாமல் எதுவும் வராது என்பதையும் சொல்லவேண்டும். போட்டி நெருங்கும் மாதங்களில் நேரம் பறக்கும். புள்ளி சராசரி இறங்கிய பிள்ளைகளும் உண்டு. சிறப்புத் தேர்ச்சி எடுத்தால்தான் புலமைப்பரிசில் தொடரும் என்ற நிலையில் இருப்பவரும், வாடகைக்காக மாலையில் வேலைக்குப் போகிறவரும் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கவேண்டாம். குறைந்த மணித்தியாலம் கேட்கும் வேலையை எடுக்கலாம், ஒரு தவணை விட்டுச் சேரலாம். அணித் தலைவரிடம் பரீட்சைத் திகதியைச் சொல்லி விலகி நிற்கப் பழகுவதும் ஒரு படிப்புத்தான். வைத்தியசாலையில் வேலை செய்ய வந்த பிறகு, "இன்று என்னால் இவ்வளவுதான்" என்று சொல்லத் தெரியாமல் உடைந்துபோன திறமைசாலிகளைக் கண்டவள் நான்.

இனி அம்மாமாருக்கு. உங்கள் மகள் ரொறன்ரோவில், மெல்பேணில், இலண்டனில், கொழும்பில் பொறியியல் படிக்கிறாள். ஒரு நாள் கறுத்த நகத்தோடு வீட்டுக்கு வருவாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன கோலம்?" என்ற சொல் வாய்வரை வரும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். இரவு நேரம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதை விழுங்கவேண்டாம். யாரோடு திரும்பி வருகிறாய், பட்டறையில் தனியே நிற்பாயா, கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறாயா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, "என்ன செய்கிறாய், காட்டு" என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். என் அக்கா போனா. காரைப் பார்த்துவிட்டு அவ கேட்ட முதற் கேள்வி, "இதுக்குள்ள கால் நீட்ட இடமில்லையே பிள்ளை?" என்பது. அதைத்தான் இரண்டு மாதமாக அணியும் விவாதித்துக்கொண்டிருந்ததாம்.

நிறைவாக, பழைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் அணிகள் அனுசரணையில்தான் உயிர் வாழ்கின்றன. நீங்கள் வாழும் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஓர் அணி நிச்சயம் பணம் தேடிக்கொண்டிருக்கும். ஒரு செற் ரயர், ஒரு பற்றரி, ஒரு நாள் சாப்பாடு, அதுவும் அனுசரணைதான். எங்களில் பொறியியலாளர்களாக இருப்பவர்கள் பணத்திலும் பெரியதைக் கொடுக்கலாம். ஒரு சனிக்கிழமை போய் அமர்ந்து, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேள்வி கேட்டு விட்டு வரலாம்.

எங்கள் பாடசாலைக்கும் ஒன்று கேட்கிறேன். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் பற்றியும் வளைவு பற்றியும் பேசுகிறோம், நல்லது. அதோடு ஓர் அறை. அதில் உரமான ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு டிறில், பற்றாசு பிடிக்கும் கருவி நான்கு, மல்ரிமீற்றர் நான்கு, பாதுகாப்புக் கண்ணாடி ஒரு பெட்டி, பழுதான மின்விசிறிகளும் வானொலிகளும் ஒரு குவியல். பொறுப்பான ஓர் ஆசிரியர். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணித்தியாலம். விரும்பும் பிள்ளைகள் கழற்றிப் பூட்டட்டும். இங்கே ஸ்பனர் பிடித்துப் பழகிய பிள்ளை, பல்கலைக்கழகப் பட்டறை வாசலில் தயங்கி நிற்கமாட்டாள். அங்கே கடிதம் எழுதும் வேலையைத் தந்தால், "அதையும் செய்கிறேன், ஆனால் எனக்குச் சில்லும் வேண்டும்" என்று சொல்வாள். செயலாளர் அவர்களே, கருவிகளுக்கான என் பங்கை இன்று பொருளாளரிடம் தந்துவிட்டுத்தான் போவேன். மற்ற அக்காமாரும் தங்கைமாரும் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.

எமக்கு முந்திய தலைமுறைப் பெண்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பப் போராடினார்கள். அவர்களின் மக்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போராடினார்கள். எங்கள் பங்கு, போன பிள்ளையைப் பட்டறைக் கதவுக்குள்ளும் விடுவது. அடுத்த நூறு ஆண்டில் இந்தச் சங்கத்தின் மலரைப் புரட்டுகிறவர்கள், எங்கள் பெண்கள் செய்த பாலத்தின் மேலால் வந்து, எங்கள் பெண்கள் செய்த கருவியால் மூச்செடுத்த பிள்ளைகளாக இருக்கட்டும்.